யாரைக் கலாய்க்க வேண்டும்? காமிக்ஸ், மங்கா, வரைகதை

போன மாதம் பெரம்பூரில் எங்கள் தெருமுனை மின்பெட்டியில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். "மாணவர்களுக்கான மாங்கா கேலிச்சித்திரப் புத்தகப் போட்டி. வயது 10 முதல் 15 வரை." மாங்கா என்று போட்டிருந்தது ஜப்பானியச் சித்திரக்கதையான மங்காவை. கீழ்வீட்டுப் பெண் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். நோட்டுகளின் கடைசிப் பக்கமெல்லாம் பெரிய கண்ணும் முள்முள்ளான முடியும் வைத்த ஆட்களாக வரைந்து வைத்திருப்பவள். அறிவிப்பைப் படித்துவிட்டு மாடியேறி வந்து கேட்டாள்: "தாத்தா, இதுல யார கலாய்க்கணும்?"

சரியான கேள்வி. கேலிச்சித்திரம் என்றால் யாரையாவது கேலி செய்ய வேண்டுமே. அவள் மனத்தில் இருந்ததோ, திரும்பி வராத அண்ணனைத் தேடிக் காசிமேட்டில் படகேறும் ஒரு சிறுமியின் கதை. அதில் கேலிக்கு எங்கே இடம்?

ஆங்கிலத்தின் 'காமிக் புக்'கைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிய இந்தக் 'கேலிச்சித்திரப் புத்தகம்' எனக்குப் பழைய பகை. முப்பது வருடம் மெய்ப்புத் திருத்தி வயிறு வளர்த்தவன் நான். ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு மொழிபெயர்ப்பாகி வந்தது; "இளமையில் அவர் கேலிச்சித்திரப் புத்தகங்களில் மூழ்கிக் கிடந்தார்" என்று அதில் ஒரு வரி. அடித்துவிட்டுச் சித்திரக்கதை என்று எழுதினேன். மொழிபெயர்ப்பாளர் என் திருத்தத்தை அடித்துவிட்டுப் பழையபடி எழுதினார். ஓரத்தில் ஒரு குறிப்பு வேறு: அகராதியைப் பார்க்கவும். பார்த்தேன். அவர் பார்த்த சொல்லுக்கு அது பொருள்தான். அவர் கையில் இருந்த பொருளுக்கு அது பெயர் இல்லை.

காமிக்ஸ் என்ற சொல்லின் வேரைச் சட்டென்று முடித்துவிடலாம். கிரேக்கத்தில் கோமோஸ் என்றால் ஆட்டமும் பாட்டமுமான களியாட்டம். காமெடியும் காமிக்கும் அங்கிருந்து வந்தவை. 1895இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் தொளதொளத்த அங்கி போட்ட ஒரு மொட்டைப் பையன் வந்தான். அங்கி மஞ்சளானதும் மஞ்சள் பையன் என்றே பெயரெடுத்தான். அந்தக் காலத்துப் படத்தொடர்கள் சிரிக்கவைக்க வந்தவை, ஆகவே காமிக்ஸ். அப்புறம் துப்பறிவாளர்கள் வந்தார்கள், 1938இல் சூப்பர்மேனும் வந்தான். சிரிப்பு போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது. யூதர்களின் படுகொலையைச் சொல்லும் ஒரு நூல் 1992இல் புலிட்சர் பரிசு பெற்றது; அதையும் ஆங்கிலத்தில் காமிக்ஸ் என்கிறார்கள், யாருக்கும் உறுத்துவதில்லை. எங்கள் தங்கசாலைத் தெருவில் இன்று யார் நாணயம் அடிக்கிறார்கள்? பெயர் நிற்கிறது. ஆனால் வெளியூர்க்காரருக்குத் தெருவை அறிமுகம் செய்யும்போது "இங்கே காசு அடிக்கிறார்கள்" என்று சொல்வோமா?

மற்ற மொழிக்காரர்கள் அப்படிச் சொல்லவில்லை. பிரெஞ்சுக்காரர் 'வரைந்த பட்டை' என்று பெயர் வைத்தார்கள். இத்தாலியர் 'குட்டிப் புகைகள்' என்றார்கள். பாத்திரத்தின் வாயிலிருந்து கிளம்பும் வசன வளையம் புகைபோலத் தெரிகிறதல்லவா, அதனால். இரண்டு பேரும் தாளில் கண்ணால் கண்டதைச் சொல்லாக்கினார்கள். கேலி, சிரிப்பு எதுவும் வரவில்லை.

மங்காவுக்கு வருவோம். ஜப்பானியத்தில் அது இரண்டு எழுத்து. முதலாவது மனம்போன போக்கைக் குறிப்பது, இரண்டாவது படம். கை போன போக்கில் வரைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ஓவியர் ஹொகுசாய் 1814இல் வெளியிடத் தொடங்கிப் பதினைந்து தொகுதிகள் வரை போன படப் புத்தகத்துக்கு இந்தப் பெயர்தான். அதில் கதையே கிடையாது. மனிதர், மீன், மலை, பேய் என்று கண்டதும் நினைத்ததும் கலந்து கிடக்கும். கதைசொல்லும் படத்தொடர் என்ற இன்றைய பொருள் 1900க்குப் பிறகு ஏறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஓவியர் ஒசாமு தெசுகா 1947இல் கொண்டுவந்த ஒரு புத்தகத்தோடு நீண்ட கதைகளின் காலம் பிறந்தது. 1968இல் தொடங்கிய ஷோனென் ஜம்ப் இதழ் 1990களின் நடுவில் வாரத்துக்கு 65 லட்சம் பிரதி விற்றது. அதுவும் மட்டரகத் தாளில், கறுப்பு வெள்ளையில். நம் சாணித்தாளை நினைத்து வெட்கப்பட்டவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். கொரியர் சொல்லும் மன்ஹ்வாவும் சீனர் சொல்லும் மன்ஹுவாவும் அதே இரண்டு எழுத்தின் உள்ளூர் உச்சரிப்புகள்தான்.

நமக்கு வேண்டிய சாட்சி ஜப்பானிலேயே இருக்கிறது. போருக்குப் பின் அங்கே தெருவுக்குத் தெரு வாடகைப் புத்தகக் கடைகள் இருந்தன. நம் பக்கத்து வாடகை நூல்நிலையம் போலத்தான். காசில்லாத பையன்கள் சில்லறை கொடுத்து எடுத்துப்போய் மறுநாள் திருப்பித் தருவார்கள். அந்தக் கடைகளுக்காக வரைந்த யோஷிஹிரோ தட்சுமி என்ற இளைஞருக்கு மங்கா என்ற சொல் பிடிக்கவில்லை. தான் வரைவது குற்றம், வறுமை, தனிமை; இதை எப்படிப் போகிற போக்கில் வரைந்த படம் என்பது? 1957இல் 'கெகிகா' என்று வேறு பெயர் வைத்தார், நாடகப் படம் என்று பொருள். கீழ்வீட்டுப் பெண் மாடியேறி வந்து கேட்டதும் அதே கேள்விதான், கொஞ்சம் பெரம்பூர்ப் பாஷையில்.

அறிவிப்பில் இருந்த 'மாங்கா'வையும் விட முடியவில்லை. எங்கள் பக்கம் "போடா மாங்கா" என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஜப்பானியர் வாயில் அது மாங்கா இல்லை. இரண்டு அசையிலும் குறில்தான், கிட்டத்தட்ட 'மங்க'. ஆங்கிலக்காரர் முதல் அசையை இழுத்தார், நாம் அவர் வாயைப் பார்த்து மாங்காய் பறித்துவிட்டோம். உண்மையில் நம் எழுத்துக்கு இது அல்வா மாதிரிச் சொல். ஙகரத்தை அடுத்த ககரம் தானாகவே மெலிந்து ஒலிக்கும். அடையாளம் எதுவும் போட வேண்டாம். 'மங்க' என்றே எழுதினால் விளக்கு மங்குவதுபோல் இருக்கிறது என்பதால் 'மங்கா' என்று நிறுத்துவதில் எனக்குச் சம்மதம். அப்படி எழுதினால் மங்காத என்று தமிழிலேயே ஒரு பொருளும் கிடைத்துவிடுகிறது: மங்காப் புகழ், மங்கா விளக்கு. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்று பள்ளியில் உருப்போட்டது அறுபது வயதில் உதவுகிறது. மங்கா ஒரு நாட்டு வகையின் பெயர். அதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை, இட்லியை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. மொழிபெயர்க்க வேண்டியது அதற்கு மேலே நிற்கும் பொதுப்பெயர். அங்கேதான் சண்டை.

கேலிச்சித்திரம் நல்ல சொல், அதன் இடத்தில். அரசியல்வாதியின் மூக்கை நீட்டி ஒரே கட்டத்தில் ஊசி குத்துவது அதன் வேலை. தமிழில் அந்த வேலையைத் தொடங்கிவைத்தது பாரதியாரின் 'இந்தியா' இதழ், 1906 வாக்கில், இதே சென்னையில். அதற்கு இன்னும் நல்ல சொல் கருத்துப்படம் என்பேன். எல்லாக் கருத்தும் கேலியாக இருக்க வேண்டும் என்றில்லை. எப்படியும் அது ஒற்றைப் படம். கதை ஓடுவதற்கு ஒரு கட்டத்துக்கு அடுத்து இன்னொரு கட்டம் வேண்டும். கேலிச்சித்திரப் புத்தகம் என்றால் கேலிச்சித்திரங்களைத் தொகுத்த புத்தகம், அவ்வளவுதான்.

இதில் தூய தமிழ் வாதம் பேசுகிறவர்களும் உண்டு. 'கேலிச்சித்திரக்கதை' என்று ஒருவர் என்னிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார், காமிக்ஸ் என்ற அயல்சொல்லை விரட்டிவிட்டாராம். கேலி வடமொழிக் கேளியின் பிள்ளை. சித்திரமும் அங்கிருந்து. கதையும் அங்கிருந்து. மூன்று சொல், மூன்றும் வடசொல், பொருளும் தப்பு. இதற்குக் காமிக்ஸ் என்றே சொல்லிவிட்டுப் போகலாம். 1972இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸ் பெயரிலேயே அதை வைத்துக்கொண்டது. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. ஐம்பது வருடமாகத் தமிழ்ப் பிள்ளைகள் காமிக்ஸ் என்று சொல்லி எவனையும் கலாய்க்கவில்லை.

படக்கதைக்கு எங்கள் ஊரில் வேறு இடைஞ்சல். வடசென்னையில் படம் என்றால் சினிமா, வேறு பேச்சே கிடையாது. "படக்கதை சொல்லு" என்றால் நேற்று பார்த்த படத்தின் இடைவேளை வரை சொல்ல வேண்டும். சித்திரக்கதை எனக்கு நெருக்கமான சொல். மூர் மார்க்கெட்டில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பழைய புத்தகக் குவியலில் துழாவியபோது கடைக்காரர் வாயிலிருந்து கேட்டது அதுதான். 1985இல் மார்க்கெட் எரிந்துபோனது. பெரம்பூரில் லோக்கல் வண்டி ஏறினால் கடைசி நிலையத்தின் பெயரில் மட்டும் மூர் மார்க்கெட் இருக்கிறது. சித்திரக்கதையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் புராண வீரர்களையும் குழந்தைகளையும் சுற்றியே அந்தச் சொல் வளர்ந்துவிட்டதால், பெரியவர்களுக்கான ஒரு நூலுக்கு அதைப் போட்டால் கடையில் சிறுவர் அலமாரிக்குப் போய்விடுகிறது.

அந்தப் பயத்தில் சிலர் 'வரைகலை நாவல்' என்று கிளம்பியிருக்கிறார்கள். இது கேலிச்சித்திரத்தைவிட மோசம். வரைகலை என்றால் இன்று எல்லோருக்கும் கணினியில் பேனர் வடிவமைக்கும் வேலை. கல்யாண வாழ்த்துப் பலகையில் மாப்பிள்ளையைச் சிங்கத்தின் பக்கத்தில் நிறுத்துகிறாரே, அவர் செய்வது வரைகலை. தமிழில் கையெழுத்தும் படமுமாக ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்து வரைந்ததை அந்தப் பெயரில் அழைக்க மனம் வரவில்லை. 'கிராபிக் நாவல்' என்ற அந்த ஆங்கிலச் சொல்லே ஒரு விற்பனைத் தந்திரம்தான். 1978இல் அமெரிக்க ஓவியர் வில் ஐஸ்னர் தன் புத்தகத்தின் அட்டையில் அதைப் போட்டுக்கொண்டதே, காமிக்ஸ் என்றால் பெரிய பதிப்பகங்கள் முகம் சுளிக்கும் என்பதால். அவர்கள் ஊர்க் கூச்சத்தை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

என் ஓட்டு வரைகதைக்கு. இது நான் செய்த சொல் இல்லை, இணையத்தில் ஏற்கெனவே உலவுகிறது. தொடர்கதை போலவே இதுவும் வினைத்தொகை: வரைந்த கதை, வரைகின்ற கதை, வரையும் கதை. இன்னொரு அழகு, வரைதல் என்றால் படம் போடுவதும்தான், எழுதுவதும்தான். "நண்பனுக்குக் கடிதம் வரைக" என்று தேர்வில் எத்தனை முறை கேட்டிருக்கிறார்கள்! எழுத்தும் படமும் ஒரே கையில் ஓடும் கலைக்கு இதைவிட என்ன வேண்டும்?

டீக்கடையில் இதைச் சொன்னபோது ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நண்பர் சிரித்தார். "வாத்யாரே, சங்க இலக்கியத்துல வரைவுன்னா கல்யாணம். உங்க வரைகதை கல்யாணக் கதையாப் போயிடும்." போகட்டும் என்றேன். வரை என்றால் மலையும்தான், மூங்கிலும்தான். அதற்காகத் தேர்வுத்தாளில் யாரும் மலையேறிக் கடிதம் எழுதவில்லை. கதை வடசொல் ஆயிற்றே, வரைபுனைவு என்று வைக்கலாமே என்றும் இழுத்துப் பார்த்தார். தொடர்கதை, சிறுகதை, விடுகதை எல்லாவற்றையும் அவர் மாற்றி முடித்துவிட்டு வரட்டும், அப்புறம் பேசலாம் என்று டீக்குக் காசு கொடுத்துவிட்டேன்.

பொதுப்பெயரே இந்தக் கதி என்றால் உள்ளே இருக்கும் சொற்களின் கதியைக் கேட்க வேண்டாம். இஷ்யூ என்ற சொல்லைப் பார்த்து, ஐந்தாம் இதழை 'ஐந்தாம் பிரச்சினை' என்று எழுதியதைத் திருத்தியிருக்கிறேன். வால்யூம் என்பதால் மூன்றாம் தொகுதி 'மூன்றாம் ஒலியளவு' ஆகியிருந்தது. கட்டத்துக்கு ஆங்கிலத்தில் பேனல் என்பதால், பக்கத்துக்கு ஆறு கட்டம் என்பது 'பக்கத்துக்கு ஆறு குழு'. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்துக்கு ஆங்கிலத்தில் 'gutter' என்று பெயர்; அதைச் 'சாக்கடை' என்று ஒருவர் எழுதிவிட்டார். வடசென்னையில் அதற்குப் பஞ்சமா என்று ஓரத்தில் எழுதத் தோன்றியது, 'இடைவெளி' என்று மட்டும் எழுதினேன். இயந்திரம் செய்த தப்பு என்றார்கள். இயந்திரம் செய்ததைப் படிக்காமல் அனுப்பியது யார்?

முன்பு இந்த வேலையைச் செய்தவர்களுக்கு வசதி குறைவு, பொருள் புரிந்திருந்தது. 1962இல் பிரிட்டனில் தொடங்கிய ஒரு தொடர். கையிழந்த ஒருவனுக்கு உலோகக் கை, மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவான். ஆங்கிலத் தலைப்பைச் சொல்லுக்குச் சொல் போட்டால் 'எஃகு நகம்' என்று வரும். எஃகு நகம் என்று வந்திருந்தால் நகவெட்டி விளம்பரம் என்று நினைத்துக் கடந்திருப்போம். முத்து காமிக்ஸின் முதல் இதழில் அது 'இரும்புக்கை மாயாவி' ஆனது. கையும் இருக்கிறது, மறைவதும் இருக்கிறது. வாடகை நூல்நிலையத்தில் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு நகர முடியாமல் நின்ற பையன்களில் நானும் ஒருவன்.

கீழ்வீட்டுப் பெண்ணிடம் யாரையும் கலாய்க்க வேண்டாம், வரைகதை என்று போட்டுக்கொள் என்றேன். "வரைஞ்சு முடிக்கிற வரைக்கும் கதையா?" என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனாள். பதினொரு பக்கம் முடித்திருக்கிறாள். மங்கா போலப் பின்னாலிருந்து முன்னால் படிக்க வேண்டுமாம், அட்டையில் அம்புக்குறி போட்டிருக்கிறாள். போட்டி இரண்டு வாரம் தள்ளிப்போயிற்று. மின்பெட்டியில் நேற்று புது அறிவிப்பு ஒட்டினார்கள். யாரோ சொல்லியிருப்பார்கள் போல, கேலிச்சித்திரத்தை எடுத்துவிட்டார்கள். 'மாங்கா நகைச்சுவைப் புத்தகப் போட்டி' என்று இருக்கிறது.