ஸ்கேனில் 48 கிராம் என்று வந்தால் ஆபரேஷனா?

முழு உடல் பரிசோதனை பண்ணிக்கொண்ட கையோடு அந்தக் கவரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் இப்போது அதிகம். நாற்காலியில் சரியாக உட்காரக்கூட மாட்டார்கள், "சார், புராஸ்டேட் சதை வளர்ந்திருக்காம், 48 கிராமாம், ஆபரேஷன் பண்ணணுமா?" என்பார்கள். நான் கவரைப் பிரிக்காமல் "யூரின் எப்படிப் போகுது?" என்று கேட்பேன். "அதெல்லாம் நல்லாத்தான் போகுது சார், ஸ்கேன்லதான் இப்படி வந்திருக்கு." சரி, அப்படியென்றால் இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னால் நம்புவதில்லை. இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்டுவிட்டு வருகிறவர்களும் உண்டு.

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி உட்கார்ந்திருப்பது. வாலிபத்தில் சுமார் 20 கிராம், ஒரு நெல்லிக்காய் அளவு. நாற்பதைத் தாண்டியதும் மெல்ல வளர ஆரம்பிக்கும். அறுபது வயதில் பாதி ஆண்களுக்கு வீக்கம் இருக்கும், எண்பதைத் தொட்டவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும். தலை நரைப்பது போலத்தான். தொந்தரவு, அது எவ்வளவு வளர்ந்தது என்பதைவிட எந்தப் பக்கம் வளர்ந்தது என்பதைப் பொறுத்தது. வெளிப்பக்கமாக 90 கிராம் வளர்ந்தும் குழாய் மாதிரி நீர் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 30 கிராம்தான் இருக்கும், ஆனால் அதன் நடுமடல் பைக்குள் நீட்டிக்கொண்டு, முக்கும்போதெல்லாம் மூடிபோல வந்து வாயை அடைத்துக்கொள்ளும், அவர் படுகிற பாடு சொல்லி மாளாது.

அதனால் நாங்கள் கிராமை வைத்து முடிவு எடுப்பதில்லை. ஏழு கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுப்போம்: போய்விட்டு வந்தும் மீதி இருப்பதுபோல் இருக்கிறதா, விட்டுவிட்டு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள், இப்படி. மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசானது, 20-லிருந்து கடுமை. அப்புறம் யூரோஃப்ளோ, அதாவது மெஷினில் நீர் கழிக்கச் சொல்லி வேகத்தை அளப்பது. நொடிக்கு 15 மில்லிக்கு மேல் என்றால் பெரும்பாலும் கவலையில்லை, 10-க்குக் கீழ் என்றால் யோசிக்க வேண்டும். இதில் ஒரு கூத்து: பயத்தில் வந்ததும் கழிவறைக்குப் போய்விட்டு, மெஷினில் 60 மில்லி மட்டும் போவார்கள். குறைந்தது 150 மில்லியாவது போனால்தான் அந்தக் கணக்குக்கு அர்த்தம். தண்ணீர் குடித்துவிட்டு, வருகிற மாதிரி இருக்கும்போது வாருங்கள். வேகம் குறைவு என்பதற்கும் இரண்டு காரணம் உண்டு: வழி அடைத்திருக்கலாம், அல்லது பை தளர்ந்துபோயிருக்கலாம். இருபது வருடச் சர்க்கரைக்காரர்களுக்கு இரண்டாவதுதான் பல நேரம் வில்லன், அவர்களுக்குச் சதையை எடுத்தாலும் பெரிய பலன் இருக்காது.

இனி நான் உண்மையிலேயே பயப்படுகிற ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன். எழுபதைத் தாண்டிய பெரியவர். கால் வீக்கம், சாப்பாடு பிடிக்கவில்லை என்று மருமகள் அழைத்து வந்தார். போகிற போக்கில், "மாமா ரெண்டு மாசமா ராத்திரி படுக்கையிலேயே போயிடறார் சார், வயசாயிடுச்சில்ல, டயப்பர் வாங்கிப் போட்டிருக்கோம்" என்றார். பெரியவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, வலி எதுவும் இருக்கா?" என்றேன், இல்லை என்று தலையாட்டினார். படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தால் தொப்புள் வரை கெட்டியாக மேடு. டியூப் போட்டதும் ஒன்றரை லிட்டருக்கு மேல் வந்தது. சாதாரணமாகப் பை 400, 500 மில்லி பிடிக்கும், அவ்வளவுதான். பல மாதங்களாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்ததால் அவருக்கு வலியே தெரியவில்லை. நிறைந்த குடம் தளும்புவதுபோல் தளும்பியதைத்தான் வீட்டில் வயசுக் கோளாறு என்று நினைத்திருக்கிறார்கள். பின்னழுத்தத்தில் இரண்டு கிட்னியும் வீங்கி, கிட்னி கெடக் கெட ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின் 5.8.

அடைப்பு விலகியதும் கிட்னி கட்டுப்பாடில்லாமல் நீரைக் கொட்டும். அவருக்கு முதல் நாள் மட்டும் ஆறு லிட்டர். உப்புச் சத்தும் சேர்ந்து போய்விடும் என்பதால் இப்படிப்பட்டவர்களை டியூப் போட்டு அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது, ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 1.9-க்கு இறங்கியது, அதற்கு மேல் இறங்கவில்லை, போனது போனதுதான். அவருடைய புராஸ்டேட் ஸ்கேனில் 34 கிராம். 48 கிராம்காரர் அலறிக்கொண்டு ஓடி வந்தார், இவரை வேறு எதற்கோ அழைத்து வந்தார்கள். வயதான ஆண் திடீரென்று படுக்கையை நனைக்க ஆரம்பித்தால் டயப்பர் வாங்குவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுத்து, போன பிறகு எவ்வளவு மீதி நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

திடீர் அடைப்பு இதற்கு நேர்மாறு, வலியில் உயிர் போகும், யாரும் தவறவிட மாட்டார்கள். ஏற்கெனவே லேசாக அடைப்பு உள்ளவர் சளிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ராத்திரி பஸ் ஏறுவார். அந்தக் கூட்டு மாத்திரைகளில் இருக்கும் ஃபினைல்எஃப்ரின், குளோர்ஃபெனிரமின் போன்றவை பையின் வாயை இறுக்கும், பையைச் சோம்பலாக்கும். எட்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு வந்து காலையில் இறங்கினால் ஒரு சொட்டு வராது. இளநீர், பார்லித் தண்ணீர் என்று மேலும் மேலும் குடிக்கக் கொடுத்து இன்னும் நோகடிக்காதீர்கள். நேரே பக்கத்து மருத்துவமனைக்குப் போனால் டியூப் போட்டு ஐந்து நிமிடத்தில் தீர்கிற வேதனை அது.

மாத்திரை விஷயத்தில் நாங்கள் சொல்லாமல் விடுவதுதான் பாதிப் பிரச்சினை, அதனால் இங்கே சொல்லிவிடுகிறேன். டாம்சுலோசின், சைலோடோசின், அல்ஃபுசோசின் வகை இறுக்கத்தைத் தளர்த்தும், சில நாட்களிலேயே பலன் தெரியும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றலாம். உறவின்போது விந்து வெளியே வராமல் போகலாம், குறிப்பாக சைலோடோசினில். ஆபத்தில்லை, நிறுத்தினால் சரியாகிவிடும், ஆனால் முன்கூட்டியே யாரும் சொல்லாததால் ஆண்மை போய்விட்டது என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. கண்புரை ஆபரேஷனுக்குப் போகும்போது இந்த மாத்திரை சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள், கண்ணின் கருவிழித்திரை தொளதொளத்து அவருக்கு வேலை சிரமமாகும். இரண்டு நோயும் வருவது ஒரே வயதில் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு வேறு ரகம். சுரப்பியையே கால்வாசி சுருக்கும், ஆனால் ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டும், அதுவும் பெரிய சுரப்பிக்குத்தான் பிரயோஜனம். சிலருக்கு ஆசை குறையும். புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையின் அளவை ஏறக்குறைய பாதியாக்கிவிடும், எனவே இது சாப்பிடுகிறவருக்கு 3 என்று வந்தால் நாங்கள் 6 என்றுதான் படிப்போம். டாக்டர் மாறினால் இதைச் சொல்ல மறக்காதீர்கள். பிஎஸ்ஏ என்றதும் ஞாபகம் வருகிறது: சிறுநீரில் கிருமித் தொற்று இருக்கும்போதோ, அடைத்து டியூப் போட்ட உடனேயோ எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்று வீடே அழுத கதைகள் உண்டு. அப்போது அது ஏறித்தான் இருக்கும். ஆறு வாரம் கழித்து எடுங்கள்.

ஆபரேஷன் யாருக்கு? மாத்திரைக்குக் கேட்காதவர், அடிக்கடி அடைப்பவர், பையில் கல் சேர்ந்தவர், திரும்பத் திரும்பத் தொற்றோ ரத்தமோ வருகிறவர், கிட்னி பாதிக்கப்பட்டவர். முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, சிறுநீர் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுப்பது டியூஆர்பி. பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் செய்கிறார்கள், காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் அங்கே விசாரியுங்கள். லேசர் என்றால் வெளியிலிருந்து ஒளி அடித்துக் கரைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் அதே வழி, அதே முதுகு ஊசிதான். ரத்தக் கசிவு குறைவு, மிகப் பெரிய சுரப்பிக்கும் ஏற்றது, மற்றபடி மந்திரம் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராது, எழுச்சி பொதுவாகப் பாதிக்கப்படாது. இதைக் கணவன் மனைவி இருவரையும் வைத்துக்கொண்டு முன்பே பேசிவிடுவேன். இன்னொன்று, சாத்துக்குடியில் சுளையை எடுத்துத் தோலை விடுவது போலத்தான் இது. புற்றுநோய் பெரும்பாலும் அந்தத் தோல் பகுதியில் வருவது, எனவே "எடுத்தாச்சே" என்று பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்.

வலியே இல்லாமல் ஒரே ஒரு தடவை சிறுநீரில் ரத்தம் போனாலும், மறுநாள் தெளிந்துவிட்டாலும், உடம்புச் சூடு என்று சும்மா இருக்க வேண்டாம். பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் இன்னும் அவசரம். சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இப்படித்தான் முதலில் முகம் காட்டும். கேமரா விட்டுப் பார்த்துவிட வேண்டும்.

ராத்திரி எழுந்திருப்பதற்கெல்லாம் புராஸ்டேட்டின் மேல் பழி போடுவதும் சரியில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ராத்திரி நாலு தடவை, ஸ்கேனில் 52 கிராம், ஆபரேஷனுக்குத் தயாராகவே வந்தார். மூன்று நாளைக்கு ஒரு நோட்டில் எப்போது குடித்தார், எப்போது எவ்வளவு போனார் என்று அளந்து எழுதச் சொன்னேன். வாத்தியார் இல்லையா, கோடு போட்டு எழுதிக்கொண்டு வந்தார். ஒரு நாளில் போகிற நீரில் பாதிக்கு மேல் ராத்திரியில். கால் வீக்கம் வேறு. ரத்த அழுத்த டாக்டர் கொடுத்த நீர் பிரியும் மாத்திரையைச் சாயங்காலம் ஏழு மணிக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார், எட்டரைக்குப் பெரிய டம்ளர் பால். பகலில் காலில் தேங்கிய நீர் ராத்திரி படுத்ததும் சிறுநீராக இறங்குகிறது. இருதயப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு, அந்த டாக்டரிடம் பேசி மாத்திரையை மத்தியானத்துக்கு மாற்றினோம். மதியம் ஒரு மணி நேரம் தலையணையில் காலை உயர்த்தி வைக்கச் சொன்னேன், பாலை ஆறு மணிக்குத் தள்ளினோம். இப்போது ஒரு தடவை எழுந்திருக்கிறார். சுரப்பி இன்னும் அதே 52 கிராம்தான்.