“சொல்லாமலே தெரிய வேணும், மிஸ்!”

காதல் தொடர்கதை நாயகனைப்போல வீட்டுக்காரர் இல்லையே என்ற மனக்குறையோடு உளவளத்துணைக்கு (கவுன்சிலிங்) என்னிடம் வரும் சோடிகளில், இந்த மாதம் மட்டும் இது நாலாவது. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் எரிச்சலோடு.

மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கத்துச் சோடி. கலியாணமாகி ஏழு மாதம். (ஆளைத் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வெளியே வாங்கில் இருந்த தாய், “மறுகா என்ன மிஸ், ராவு பகலா போனும் கையுந்தான். கதை வாசிச்சே கெட்டுப்போனாள்” என்றார். மகள் உள்ளே வந்து கதிரையில் இருந்ததும் போனைத் திறந்து என் முன்னால் வைத்தாள். ஒரு காதல் தொடர்கதை, எழுபதாவது அத்தியாயமோ என்னவோ. நாயகிக்குத் தலையிடி. அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் நாயகன் கம்பனிக் கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் காரில் பறந்து வருகிறான்.

“எனக்குக் காய்ச்சல் வந்த அண்டைக்கு இவர் கேட்டது, சோறு இருக்கா எண்டு.”

மேசன் வேலைக்குப் போகும் அந்தப் பொடியன் நிலத்தைப் பார்த்தபடி, “சொன்னாத்தானே மிஸ் தெரியும்” என்றார்.

“சொல்லித் தெரிஞ்சா அது என்ன அன்பு?”

உளவளத்துணைக்கு வருகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கும் வசனம் இதுதான். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தயவுசெய்து ஒன்றை யோசியுங்கள். கதையில் அவன் மனசையும் அவள் மனசையும் எழுதுவது ஒரே கை. அவனுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும்? வாசிக்கிற உங்களுக்கும் அப்படித்தான். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால், அடுத்த அத்தியாயம் அவன் பக்கத்தில் இருந்து தொடங்கும், உள்ளே உருகிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துவிடும். வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவருக்கு அந்த அடுத்த அத்தியாயம் கிடையாது. கோபமா, பசியா, கடனா, வெட்கமா? கேட்டால்தான் தெரியும். உங்கள் காய்ச்சலும் அவருக்கு அப்படித்தான். ஊகிக்காததால் அன்பில்லை என்று ஆகாது. சரியாக ஊகிப்பவர் எல்லாரும் அன்பானவர் என்றும் இல்லை.

இன்னொன்று. இந்தக் கதைகளில் பல தமிழ்நாட்டுக் குடும்பங்களை வைத்து எழுதப்பட்டவை. நாயகி மாமியார் வீட்டுக்குப் போவாள், நாயகன் அந்த வீட்டு ராசா. நம்மூரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். சீதன வீடு, அதே வளவுக்குள் மாமா மாமி. சீனிப் போத்தல் எங்கே இருக்கிறது என்றே தெரியாத அவரிடம் கதை நாயகனின் மிடுக்கைத் தேடினால் எங்கே கிடைக்கும்?

படுக்கையறைக்கு வருவோம். தொட்டதும் தீப்பற்ற வேண்டும் என்று எதிர்பார்த்து, பற்றவில்லை என்றதும் ‘என்னில் ஏதோ குறை’ என்று அழுகிறவர்கள் உண்டு. கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000ஆம் ஆண்டிலேயே விளக்கிவிட்டார்: பல பெண்களுக்கு, முக்கியமாக நீண்டகால உறவில், ஆசை முதலில் வருவதில்லை. மனம் விரும்பி நெருங்கத் தொடங்கிய பிறகே அது பின்னால் வருகிறது. விரும்பி என்ற சொல்லைக் கவனியுங்கள் தம்பிமாரே, வற்புறுத்த இதைச் சாட்டாக எடுக்க வேண்டாம். வலி தொடர்ந்து இருந்தால் டொக்டரிடம் போங்கள், கூகுளிடம் அல்ல. (ஆண்களுக்கு ஆபாச வீடியோக்கள் செய்திருக்கும் வேலை தனிக் கதை. என்னிடம் அந்தக் கோப்பு இதைவிடத் தடிப்பு.)

ஆன்டி ஹீரோ கதைகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கட்டாயத் தாலி கட்டுவான், அறைவான், பூட்டி வைப்பான், கடைசியில் எல்லாம் காதலால்தான் என்று முடியும். அவன் திருந்துவான் என்று எழுத்தாளருக்கு முன்பே தெரியும். உங்களுக்கு அந்த உத்தரவாதத்தை யார் தந்தது? அடித்துவிட்டு அழுகிறவரை “உள்ளுக்குள்ள பாசம் மிஸ்” என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

அம்மாமாரே, போனைப் பறிக்காதீர்கள். வாசிக்கட்டும், நானும்தான் வாசிக்கிறேன். அந்தப் பிள்ளையிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு நாளைக்கு ஒரு காரியம் வாய் திறந்து கேட்க வேண்டும். அவரும் கேட்க வேண்டும்.

இரண்டு கிழமை கழித்து வந்தார்கள். தயிர் வாங்கி வரச் சொன்னாளாம், வேலை முடிந்து சட்டியோடு வந்தாராம்.

“ஆனா பாணி வாங்கல்ல மிஸ். தயிர் எண்டா பாணியும் வேணும் எண்டு தெரியாதா?”

இன்னும் மூன்று தடவை வரச் சொல்லியிருக்கிறேன்.