பட்டியல் இல்லாமல் லாரியைக் கிளப்பாதீர்கள்

புயலோ வெள்ளமோ அடித்து ஓய்ந்த இரண்டு மூன்று நாளில் வெளியூர்களிலிருந்து வேன்களும் லாரிகளும் வரத் தொடங்கும். அரிசி, போர்வை, பாய், கொசுவத்தி, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் என்று ஏற்றிக்கொண்டு, கைக்காசு போட்டு டீசல் அடித்துக்கொண்டு வருகிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த பிறகு டெல்டா முழுக்க இதைப் பார்த்தோம். பல ஊர்களில் முதல் சோறு போட்டவர்கள் இப்படி வந்தவர்கள்தான். ஆனால் அதே நாட்களில் மெயின் ரோட்டை ஒட்டிய தெருக்களுக்குத் திரும்பத் திரும்பப் போர்வை கிடைத்தது. மரம் விழுந்து வழி அடைபட்டுக் கிடந்த உள்கிராமங்களுக்கு ஒரு தார்ப்பாய்கூடப் போகவில்லை.

யாரும் திருடவில்லை, யாரும் ஓரவஞ்சனை செய்ய நினைக்கவும் இல்லை. ஆனாலும் பங்கீடு கோணிப்போகிறது. நிவாரண வேலையில் இருக்கும் எங்களுக்கு இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் தெரிகிறது. பொருள் முதலில் கிளம்பிவிடுகிறது, யாருக்கு என்கிற கணக்கு அப்புறம் போடப்படுகிறது. கணக்கு இல்லாமல் வரும் லாரி, கூட்டம் எங்கே மறிக்கிறதோ அங்கே நிற்கும். மறிக்கத் தெம்புள்ளவர்கள் வாங்கிக்கொள்வார்கள். படுத்த படுக்கையாகக் கிடப்பவரும் கைக்குழந்தைக்காரியும் ரோட்டுக்கு வர மாட்டார்கள்.

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். உதவியும் ஏராளமாக வந்தது. பழைய துணி எடுப்பாரில்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தது. அவ்வளவு வந்தும் கடற்கரைக்குப் பின்னால் இருந்த விவசாயக் கூலிக் குடியிருப்புகளுக்கும், கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் இருளர் குடும்பங்களுக்கும் போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான். படகு இழந்தவர்தான் பாதிக்கப்பட்டவர் என்ற எண்ணம் வந்தவர்களுக்கு இருந்தது. படகில் கூலிக்குப் போனவர், மீன் வாங்கித் தலைச்சுமையாக விற்ற பெண், உப்பளத்தில் வேலை செய்தவர், கடல்நீர் ஏறிய வயலில் நடவுக்குப் போனவர், இவர்களுக்கெல்லாம் இழந்த சொத்து என்று காட்ட எதுவும் இல்லை. போனது அவர்களுடைய கூலி.

கஜாவிலும் இதே கதைதான். விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு கொடுத்தது மரத்தின் சொந்தக்காரருக்கு. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் அதே தோப்பில் மரம் ஏறியவருக்கும், தேங்காய் உரித்தவருக்கும், கீற்று முடைந்த பெண்களுக்கும் அந்தக் கணக்கில் இடம் இல்லை. சொத்தைப் பார்த்து உதவி செய்தால் சொத்து இல்லாதவர் விடுபட்டுத்தான் போவார்.

அடுத்தது, பட்டியலை யாரிடம் வாங்குகிறோம் என்பது. வெளியிலிருந்து வரும் குழு நேராக ஊர்த் தலைவரிடம் போகும். அது சுலபம், ஊர்க்கட்டுப்பாடும் இருக்கும், கூச்சல் குழப்பம் வராது. நாகை கடற்கரையின் மீனவப் பஞ்சாயத்துகளையே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த பொருளை மொத்தமாக வாங்கி வைத்து எல்லாருக்கும் சமமாகப் பிரிக்கும் ஒழுங்கு அங்கே உண்டு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் பங்கு பிரிப்பது தலைக்கட்டுக் கணக்கில். ஊர் வரி கட்டும் ஆண்தான் தலைக்கட்டு. கணவனை இழந்தவளும், கணவன் விட்டுப்போனவளும் அந்தக் கணக்கில் பாதியாகவோ பூஜ்யமாகவோதான் வருவார்கள். பஞ்சாயத்தார் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் கணக்கே அப்படி என்றால் அந்தப் பெண்கள் வீட்டுக்குப் போர்வை போகாது.

காலனியும் அப்படித்தான். ஊர்ப் பட்டியல் என்று கையில் தருவார்கள், அதில் காலனி இருக்காது. கேட்டால் "அது தனிங்க, அவங்களுக்கு வேற ஆளு வரும்" என்பார்கள். வேறு ஆள் வருவதில்லை. சுனாமி முகாம்களில் தலித் மக்கள் ஒதுக்கிவைக்கப்பட்டதும், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வரவிடாமல் தடுக்கப்பட்டதும் பதிவாகியிருக்கின்றன. அவ்வளவு பெரிய சாவுக்கு நடுவிலும் அது நடந்தது என்பதை நிவாரணத்துக்குக் கிளம்பும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, ரேஷன் கார்டை வைத்துக் கொடுத்தால்? வேகமாக முடியும், அதை மறுக்க மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் 6,000 ரூபாயை ரேஷன் கடை வழியாக டோக்கன் கொடுத்துத்தான் அரசு வழங்கியது. கார்டு இல்லாதவர்களிடம் தனியாக விண்ணப்பமும் வாங்கினார்கள். ஆனால் வாடகைக்குக் குடியிருப்பவரின் கார்டு சொந்த ஊரில் இருக்கும். வடமாநிலத் தொழிலாளியிடம் இங்கே கார்டே இருக்காது. பல இருளர் குடும்பங்களுக்கும் அப்படித்தான். ரேஷன் பட்டியலைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், அதோடு நிறுத்திவிடக் கூடாது.

பட்டியலை நடந்து போய் எடுக்க வேண்டும். ஊரின் கடைசி வீட்டிலிருந்து, காலனிப் பக்கமிருந்து, வாய்க்கால் கரைக் குடிசையிலிருந்து ஆரம்பியுங்கள். முன்பக்கத்தில் ஆரம்பித்தால் பாதி வழியில் பொழுது போய்விடும், பின்பக்கம் எப்போதும் நாளைக்குத்தான். கூரையை எண்ணாதீர்கள், அடுப்பை எண்ணுங்கள். ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்பு இருந்தால் அது மூன்று குடும்பம். ஒவ்வொரு குடும்பத்திலும் எத்தனை தலை, எத்தனை குழந்தை, யார் படுக்கையில், யார் நிறைமாதம் என்பதை அப்போதே எழுதிவிடுங்கள். கணக்கு ஒருவரிடம் மட்டும் கேட்டதாக இருக்கக் கூடாது. அங்கன்வாடி அம்மாவுக்குக் கர்ப்பிணிகளையும் சின்னப் பிள்ளைகளையும் தெரியும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகிறவருக்குச் சர்க்கரை நோயாளிகளையும் படுக்கையில் இருப்பவர்களையும் தெரியும். நூறு நாள் வேலைப் பொறுப்பாளருக்குத் தனியாக வாழும் பெண்கள் யார் யார் என்று தெரியும். மூன்று பேர் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் சொல்லி மற்றவர் சொல்லாத பெயர்தான் நீங்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டிய வீடு.

அப்புறம் பட்டியலை மூடி வைக்காதீர்கள். பள்ளிச் சுவரில் ஒன்று, காலனியில் ஒன்று ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சத்தமாக வாசியுங்கள். ஒரு நாளாவது ஆட்சேபம் கேட்க நேரம் கொடுங்கள். நோய் விவரம் மட்டும் சுவரில் ஏறக் கூடாது. பெயரை எடுக்கச் சொல்லி வருபவர் சத்தமாகப் பேசுவார், சேர்க்கச் சொல்லி வருபவர் ஓரமாக நிற்பார். ஓரமாக நிற்பவரை முதலில் கூப்பிடுங்கள். "அவசரத்தில் இதுக்கெல்லாம் நேரம் ஏது?" என்று கேட்பார்கள். சமைத்த சோற்றுக்கும் தண்ணீருக்கும் பட்டியல் வேண்டாம், வந்தவர் எல்லாருக்கும் கொடுங்கள். பாய், போர்வை, தார்ப்பாய், மளிகை, பணம் என்று வீட்டுக்கு ஒன்றாகப் போகிற எதற்கும் பட்டியல் வேண்டும். ஒரு நாள் தாமதத்தால் வரும் கஷ்டத்தைவிட ஒரு தெருவே விடுபடுவதால் வரும் கஷ்டம் பெரிது.

கொடுக்கும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கோயில் வாசல் வேண்டாம், ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையும் வேண்டாம். எல்லாரும் கூசாமல் நுழையக்கூடிய பள்ளிக்கூடம் நல்லது. காலை நேரத்தில் கொடுத்தால் மீன் விற்கப் போன பெண்கள் தவறிவிடுவார்கள். டோக்கனிலேயே நேரத்தைப் போட்டுவிட்டால் தள்ளுமுள்ளு பாதியாகக் குறையும். வயதானவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தனி வரிசை, அதோடு 25 கிலோ அரிசியை வீட்டில் கொண்டுபோய் இறக்க நாலு பையன்கள். வண்டி மேலிருந்து பொட்டலத்தை வீசுவதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் செய்யாதீர்கள்.

எல்லாருக்கும் ஒரே பை என்பது நியாயம் போலத் தோன்றும். இரண்டு பேர் வீட்டுக்கும் எட்டுப் பேர் வீட்டுக்கும் ஒரே ஐந்து கிலோ என்றால் எட்டுப் பேர் வீட்டில் பிள்ளைகள் அரை வயிறு. உலகம் முழுக்க நிவாரண அமைப்புகள் கையில் வைத்திருக்கும் ஸ்ஃபியர் கையேடு, தண்ணீரை ஓர் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று தலைக்கணக்கில்தான் சொல்கிறது. செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-ல் ஏற்றுக்கொண்ட நடத்தை விதிகளும் தேவையை மட்டும் பார்த்துத்தான் முன்னுரிமை தர வேண்டும் என்கின்றன. சாதி, மதம், கட்சி எதுவும் அதில் நுழையக் கூடாது. மூன்று அளவில் பை கட்டுங்கள், போதும்.

பல குழுக்கள் ஒரே ஊரில் மோதுவதைத் தடுக்க ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டு ஊராட்சிகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். சுனாமிக்குப் பின் சில நாட்களிலேயே நாகையில் தொண்டு நிறுவனங்கள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையம் வைத்ததும் இதற்காகத்தான்.

பொருள் இலவசம், யாருக்கும் எதுவும் தர வேண்டாம் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். டோக்கனுக்குப் பணம் கேட்பதும், தனியாக இருக்கும் பெண்ணிடம் வேறு மாதிரி பேசுவதும் நடக்கிற விஷயங்கள். புகார் சொல்ல ஒரு பெண் ஊழியரின் எண் அங்கே இருக்கட்டும். வாங்குகிறவர் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். நன்கொடை கொடுத்தவருக்குக் கணக்கு காட்டக் கையெழுத்துப் பதிவேடு போதும்.

எவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதினாலும் சில பெயர்கள் விடுபடும். அதனால் நூற்றுக்கு ஐந்து பையாவது தனியாக எடுத்து வைத்துவிட்டு, மீதியை மட்டும் வரிசையில் கொடுங்கள். வேலை முடிந்ததும் லாரியைத் திருப்பி அனுப்பிவிடலாம். ஒரு வாரம் கழித்து இரண்டு பேர் மட்டும் ஒரு பைக்கில் அந்த ஊருக்குப் போங்கள். தலைவர் வீட்டுக்குப் போகாமல் கடைசித் தெருவுக்குப் போய், என்ன வந்தது, யார் கொடுத்தார்கள், யாருக்கு வரவில்லை என்று கேளுங்கள். எடுத்து வைத்த பைகள் அந்த வீடுகளுக்கு.