தலைவலி வந்தால் சீப்பு பட்டாலே வலிப்பது ஏன்?

தலைவலி வந்துவிட்டால் சீப்பை வைக்க முடியவில்லை, கம்மலைக்கூடக் கழற்ற வேண்டியிருக்கிறது, சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நம்பத்தான் வேண்டும். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது உண்டு. அலோடினியா என்கிறார்கள்: வலிக்கக் கூடாத தொடுகை வலிப்பது.

மூளைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றியுள்ள உறைக்குத் தெரியும். அந்த உறையில் இருக்கும் முக்கிளை நரம்பின் (முகத்தின் உணர்வைக் கடத்தும் நரம்பு) நுனிகள் தூண்டப்பட்டு, மூளைத்தண்டுக்கு வலிச் செய்தி அனுப்புகின்றன. இதுவரை வெறும் தலைவலிதான்.

மூளைத்தண்டில் நடப்பதுதான் எனக்கு எத்தனை முறை படித்தாலும் அலுக்காத பகுதி. உறையின் செய்தியை வாங்கும் அதே நரம்பணுவுக்கு நெற்றி, கண்ணோரத் தோலிலிருந்தும் இழைகள் வந்து சேர்கின்றன. சாதாரண நாளில் லேசான தொடுகையை அது பெரிதுபடுத்தாது. அதன் சவ்வில் என்எம்டிஏ ஏற்பிகள் என்ற துளைகள் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு மெக்னீசியம் அயனி தக்கைபோல் அடைத்திருக்கும். உறையிலிருந்து வலிச் செய்தி விடாமல் வந்து கொட்டினால் அணுவின் மின்னழுத்தம் மாறுகிறது, மெக்னீசியம் விலகுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. அது நொதிகளைத் தட்டியெழுப்ப, அணு சின்னத் தூண்டலுக்கே துள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறது. அப்புறம் முடியின் வேர்க்காலைச் சீப்பு லேசாக அசைத்தாலும் போதும், வலி என்றே மேலே செய்தி போகும். தோலில் ஒரு கீறலும் இருக்காது. இந்த மிகையுணர்வு மூளையின் நடுவில் உள்ள தலாமசுக்கும் ஏறிவிட்டால் கைக்கடிகார வாரும் போர்வையும்கூட உறுத்தும், ஏனென்றால் அங்கே உடல் முழுவதன் செய்தியும் வந்து சேர்கிறது.

ஹார்வர்டைச் சேர்ந்த ராமி பர்ஸ்டீனின் குழு 2000இல் ஒற்றைத் தலைவலி உள்ள 42 பேரின் தோல் உணர்வை அளந்து பார்த்தது. 79 சதவீதம் பேருக்குத் தலைவலியின்போது இந்த மாற்றம் தெரிந்தது. 2004இல் அதே குழு ஒற்றைத் தலைவலிக்கான டிரிப்டான் மருந்தைச் சோதித்தது. தோல் கூசத் தொடங்கும் முன்பே மருந்து கொடுத்தபோது 93 சதவீதத் தாக்குதல்களில் இரண்டு மணி நேரத்துக்குள் வலி முழுதும் நின்றது. கூசிய பிறகு கொடுத்தபோது 15 சதவீதம்தான். மருந்து நரம்பு நுனிகளிலிருந்து வரும் செய்தியை மட்டுமே தடுக்கிறது. ஏற்கெனவே உசுப்பப்பட்ட அணுவை அதனால் அடக்க முடிவதில்லை.

கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போடுவதை நான் எதிர்ப்பது இதனால்தான். அதில் போவது மருந்து வேலை செய்யக்கூடிய அந்த முதல் மணி நேரம். "தலை வாரினால் வலிக்கிறதா?" என்று எல்லா மருத்துவர்களும் கேட்க வேண்டும், பைசா செலவில்லாத பரிசோதனை அது. வலிக்கிறது என்றால் மாத்திரையை எப்போது போடுவது என்பதைச் சேர்த்தே சொல்லித்தர வேண்டும். இதய நோய் உள்ளவர்களுக்கு டிரிப்டான் ஆகாது. மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து போட்டுவந்தால் மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கலாம்.