மாடியில் இரண்டு நாள், காகிதத்தில் நான்கு மாதம்

ஈரோடு பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் 2 கிலோவாட் சோலார் போட்டுக் கொடுத்தோம். முதல் நாள் இரும்புக் கால்களை நட்டுச் சட்டம் மாட்டினோம். மறுநாள் நான்கு பேனல்களையும் ஏற்றி, ஒயரிங் முடித்து, கொல்லையில் எர்த் குழியும் தோண்டி முடித்தாயிற்று. மொத்தம் இரண்டு நாள். ஆனால் அவர் முதன்முதலில் எனக்குப் போன் செய்த நாளிலிருந்து அந்தக் கால்களை நடும் நாள் வருவதற்கு நான்கு மாதம் ஓடிவிட்டது.

காரணம் ஒரு பெயர். ஈபி கார்டு அவருடைய மாமனார் பேரில் இருந்தது. அவர் போய்ச் சேர்ந்து இருபது வருடம் இருக்கும். கணவரும் இல்லை. மின் கட்டணம் மட்டும் அந்தப் பெரியவர் பேரில் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. மத்திய அரசின் மானியம் கேட்டு விண்ணப்பிக்கப் போனபோதுதான் சிக்கல். மின் இணைப்பு யார் பேரில் இருக்கிறதோ, அவர்தான் விண்ணப்பதாரர். அவருடைய வங்கிக் கணக்கில்தான் பணம் விழும்.

சரி, ஈபியில் பெயர் மாற்றலாம் என்றால், அதற்குச் சொத்துவரி ரசீது கேட்டார்கள். ரசீதும் மாமனார் பேரில். அதை மாற்ற நகராட்சிக்குப் போனால், வாரிசுச் சான்று கேட்டார்கள். வாரிசுச் சான்றுக்கு இரண்டு இறப்புச் சான்றுகள், வெளியூரில் இருக்கும் நாத்தனாரின் சம்மதக் கடிதம். “ஏனுங்க தம்பி, வீட்டைக் கட்டறதுக்குக்கூட இத்தனை பேர்த்துகிட்ட கையெழுத்து வாங்கலைங்களே” என்றார் டீச்சர். எனக்குச் சொல்லப் பதில் இல்லை.

இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. சோலார் மானியம் பற்றி எங்கே பார்த்தாலும் 78,000 ரூபாய் என்ற எண்தான் கண்ணில் படுகிறது. அந்தப் பணம் கைக்கு வராமல் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அநேகமாக எல்லோருக்கும் தடையாக இருந்தது இந்த மாதிரி ஒரு பெயரோ, ஒரு இனிஷியலோ, ஆதார் இணைக்காத ஒரு வங்கிக் கணக்கோதான்.

முதலில் பணக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ‘பிரதமர் சூரிய வீடு’ என்ற திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 2026-27 நிதியாண்டு வரை காலம். 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000 தான். இந்த எண்கள் எப்படி வந்தன என்று தெரிந்துகொள்வது நல்லது. முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட் 50,000 ரூபாய் என்று அரசு ஒரு அடிப்படை விலை வைத்து, அதில் 60 சதவீதம் தருகிறது. மூன்றாவதுக்கு 45,000 என்று வைத்து, அதில் 40 சதவீதம். அதாவது முதல் இரண்டுக்குத்தான் அரசின் கை தாராளம்.

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் பொதுவிளக்கு, மோட்டார், லிஃப்ட் ஆகியவற்றுக்காகப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கிடைக்கும். இதைப் பல சங்கங்கள் கண்டுகொள்வதே இல்லை. மாடி யாருக்குச் சொந்தம் என்று பேச ஆரம்பித்தால் கூட்டம் முடியவே முடியாது, அது தனிக் கதை.

இப்போது எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். 78,000 மானியம் முழுதும் கிடைக்க வேண்டும் என்பதற்காக எல்லோருக்கும் 3 கிலோவாட் எழுதிக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஈபி கார்டைக் கையில் வாங்கிப் பார்க்காமல் கொட்டேஷன் எழுதுகிறவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் படிக்கட்டு மாதிரி. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட் இரண்டரை ரூபாய்க்குள் முடிந்துவிடும். 500-ஐத் தாண்டினால் அந்தச் சலுகை விகிதம் போய், 101-லிருந்தே நாலரை ரூபாய்க்கு மேல். மேலே ஏற ஏற விலையும் ஏறி, 1,000 யூனிட்டுக்கு மேல் 11 ரூபாயைத் தாண்டும். சோலார் செய்வது என்னவென்றால், உங்கள் கணக்கிலிருந்து மேல்படி யூனிட்டுகளை முதலில் கழிக்கிறது. விலை உயர்ந்தவை முதலில் போகும், மலிவானவை கடைசியில்.

டீச்சர் வீட்டையே எடுத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 700 யூனிட் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கட்டிய பில் 3,800 – 3,900 ரூபாய். நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் தரும். ஆக, 2 கிலோவாட் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 480 யூனிட். மீதி 220 யூனிட்டுக்குப் பில் நானூறு ரூபாய்க்குள் வந்துவிடும், சில்லறைக் கட்டணங்கள் தனி. இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 3,500 ரூபாய் மிச்சம். இன்னொரு கிலோவாட் சேர்த்திருந்தால்? அந்த மூன்றாவது கிலோவாட்டால் கூடுதலாக மிச்சமாவது முந்நூறு ரூபாய் சொச்சம். அதற்கு மானியம் 18,000 போகக் கைக்காசு முப்பதாயிரமாவது போட வேண்டும். “மானியம் முழுசா வாங்கிக்கலாமே” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி அவரும் முதலில் மூன்றுதான் கேட்டார். கார்டை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டியதும் இரண்டுக்கு இறங்கினார்.

ஏசி இரண்டு ஓடும் வீடு, மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போகிற வீடு என்றால் மூன்று சரிதான், அதற்கு மேலும் போகலாம். கார்த்திகை மார்கழி மேகமூட்டத்தில் உற்பத்தி நன்றாகவே குறையும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் இரண்டு மாதத்துக்கு 250 யூனிட் செலவழிக்கும் வீட்டுக்காரர் என்னிடம் வந்தால், இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறேன். அவர் போட்ட முதல் எப்போது திரும்பும் என்று என்னால் நல்ல பதில் சொல்ல முடியாது.

அப்புறம், கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடும். இதைச் சொன்னால் பாதிப் பேர் முகம் மாறுகிறது. மானியம் கிடைப்பது ஈபி கம்பியோடு சேர்ந்து ஓடும் அமைப்புக்கு. கம்பியில் மின்சாரம் இல்லாதபோது நம் வீட்டு இன்வெர்ட்டர் மட்டும் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் லைன்மேன் உயிருக்கு ஆபத்து. அதனால் அது தானாக நின்றுகொள்ளும்படிதான் செய்திருக்கிறார்கள். பேட்டரி வைத்தால் வேறு கதை, ஆனால் பேட்டரி செலவு உங்களுடையது.

இனி உள்ளாட்சி பற்றி. சோலார் என்றாலே ஈபி ஆபீசும் மத்திய அரசும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. டீச்சரின் நான்கு மாதத்தில் பாதிக்கு மேல் போனது சொத்துவரிப் பெயரில் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சாவி நகராட்சியிடமும் பேரூராட்சியிடமும் ஊராட்சியிடமும்தான் இருக்கிறது. அவர்களுக்கும் இந்தத் திட்டத்தில் ஒரு பங்கு வைத்திருக்கிறார்கள் என்பது அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கே பல நேரம் தெரிவதில்லை. தங்கள் எல்லைக்குள் இத்திட்டத்தில் பொருத்தப்படும் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ளாட்சி அமைப்புக்கு 1,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. ஊரில் 500 வீடு என்றால் ஐந்து லட்சம். பெரிய பணம் இல்லைதான். ஆனால் வார்டுக்கு ஒரு நாள் பெயர் மாற்ற முகாம் நடத்த அது தாராளம். நான் ஒரு கூட்டத்தில் இதைச் சொன்னபோது, ஒரு ஊராட்சித் தலைவர் தனியாகக் கூப்பிட்டு, “அது எங்கீங்க எழுதியிருக்கு, காட்டுங்க” என்றார். திட்ட வழிமுறையை எடுத்துப் போனில் அனுப்பி வைத்தேன்.

கிராமங்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமம் தேர்வு செய்து 1 கோடி ரூபாய் தருவது. 5,000 பேருக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்குள் போட்டி. ஆறு மாதத்தில் எந்த ஊர் அதிகத் திறன் நிறுவுகிறதோ, அதற்குப் பரிசு.

வெளியூரில் உள்ளாட்சிகள் தாங்களாகவே செய்வதையும் பார்க்கலாம். புனே மாநகராட்சி வீட்டில் சோலார், மழைநீர் சேகரிப்பு, மண்புழு உரம் இவற்றில் ஒன்று இருந்தால் சொத்துவரியின் ஒரு பகுதியான பொதுவரியில் 5 சதவீதம், இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 10 சதவீதம் தள்ளுபடி என்று வைத்தது. இந்தூர் மாநகராட்சி 2023-ல் பொதுமக்களிடமே பசுமைக் கடன் பத்திரம் விற்று 244 கோடி ரூபாய் திரட்டியது. நர்மதைத் தண்ணீரை ஊருக்கு ஏற்றும் மின்செலவைக் குறைக்க 60 மெகாவாட் சோலார் நிலையத்துக்காக அந்தப் பணம். நம் ஊரிலும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி 2006-லேயே ஒன்றரைக் கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கி, தன் தேவை போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றது. அது காற்று, இது வெயில். ஆனால் ஊராட்சிக்குத் துணிச்சல் இருந்தால் முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம் ஊர் நகர்ப்புறங்களில் சொத்துவரியை அரையாண்டின் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், 5,000 ரூபாய் வரை, ஊக்கத்தொகை தருகிறார்கள். அதற்காக ஏப்ரல் மாதம் கவுன்டரில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். ரசீதில் தள்ளுபடி என்று ஒரு வாசகம் இருந்தால் ஜனங்கள் வருவார்கள். நான் வேலை செய்த வீடுகளின் ரசீதுகளில் சோலாருக்கென்று அப்படி ஒரு வாசகத்தை இதுவரை பார்த்ததில்லை. கவுன்சிலரிடம் தெருவிளக்கு கேட்கும்போது இதையும் கேளுங்கள்.

விண்ணப்பிக்கப் போகிறவர்கள் கொட்டேஷன் வாங்குவதற்கு முன்பே மேசையில் நான்கு காகிதங்களைப் பரப்பிப் பாருங்கள்: ஈபி கார்டு, சொத்துவரி ரசீது, ஆதார், வங்கிப் புத்தகம். நான்கிலும் பெயர் ஒன்றா? இனிஷியல் முன்னால் ஒன்றிலும் பின்னால் ஒன்றிலும் இருந்தால்கூட இப்போதே சரிசெய்துவிடுங்கள். பேனல் ஏறிய பிறகு மானியத்துக்காக நடப்பதைவிட முன்னாலேயே நடப்பது கால்வலி குறைவு. மின்பளுவையும், அதாவது உங்கள் இணைப்புக்கு ஈபி அனுமதித்திருக்கும் அளவையும் பாருங்கள். பழைய வீடுகளில் 1 கிலோவாட்தான் அனுமதி இருக்கும். போடப் போகும் சோலாருக்கு ஏற்ப அதை உயர்த்த வேண்டிவரும். 2024-ல் மாற்றிய விதியின்படி 10 கிலோவாட் வரை தனியாகச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை, விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும். யாராவது ‘ஆய்வு நிலுவை’ என்று இழுத்தடித்தால் இதைச் சொல்லுங்கள்.

பேனல் உள்நாட்டில் செய்த செல் கொண்டதாக இருந்தால்தான் மானியம். விலை கொஞ்சம் கூடுதல். “இதே வாட், இதைவிடப் பத்தாயிரம் கம்மி” என்று ஒருவர் சொன்னால், அது எந்தப் பேனல் என்று எழுதி வாங்குங்கள். மாட்டிய பிறகு மானியம் நிராகரிக்கப்பட்டு, பேனலைக் கழற்றவும் முடியாமல் நின்ற ஒரு வீட்டுக்கு நான் இரண்டாவது கருத்துச் சொல்லப் போயிருக்கிறேன். சொல்ல எதுவும் இருக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பொருளும் வேலையும் சேர்ந்த மொத்த பில்லில் அது 13.8-லிருந்து 8.9 சதவீதமாக வரும். பழைய விகிதத்தில் கொட்டேஷன் வந்தால் திருப்பிக் கொடுங்கள்.

மானியத்தைக் கழித்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுங்கள் என்று சிலர் பேசுவார்கள். பணம் வருவது உங்கள் கணக்குக்கு, அதுவும் நாம் எடுப்பதையும் கொடுப்பதையும் கணக்கிடும் இருவழி மீட்டர் மாட்டி, ஓட்டிக் காட்டிய பிறகு. எனவே முழுத்தொகைக்கும் முதலில் ஏற்பாடு வேண்டும். 3 கிலோவாட் வரை அடமானம் இல்லாமல் வங்கிகள் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. அந்தக் கடனுக்கும் அதே நான்கு காகிதங்கள்தான்.

டீச்சருக்குப் போன மாதம் 60,000 ரூபாய் கணக்கில் ஏறியது. போன் செய்து சொன்னார். மாதத்துக்கு இரண்டு முறை விடிகாலையில் பேனலைத் துடைக்கிறாராம்; போர் தண்ணீர் உப்புக்கறை விடுகிறது என்று மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறாராம். எதிர்வீட்டுக்காரரும் போட வேண்டும் என்கிறார், வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். ஈபி கார்டு யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். “அவங்க தாத்தா பேர்லதானுங்க தம்பி” என்றார்.