மெழுகு உருகினால் வால்வு திறக்கும்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருந்தார். ஆலையில் பெரிய டீசல் ஜெனரேட்டர் ஒன்று இருக்கிறது. கரண்ட் போய் அதை ஓட்டும்போதெல்லாம் அரை மணி நேரத்தில் எஞ்சின் தண்ணீரின் வெப்பநிலை 95 டிகிரியைத் தாண்டிவிடுகிறதாம். வெளியிலிருந்து வந்த மெக்கானிக், "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் எஞ்சின் கூலாக ஓடும்" என்று சொல்லி, வால்வுக்குள் இருந்து சூட்டை உணர்ந்து அதைத் திறந்து மூடும் இரண்டு எலிமென்டையும் எடுத்துவிட்டார். அப்புறம் வெப்பநிலை முன்பைவிடச் சீக்கிரமாக ஏறுகிறது.

"அடைத்துக்கொண்டிருந்ததை எடுத்த பிறகு தண்ணீர் தாராளமாக ஓடத்தானே வேண்டும்? ஏன் இப்படி? ஆர்வத்தில் அந்த இரண்டு எலிமென்டையும் அறுத்துப் பார்த்தோம். ஒன்றில் முழுக்க மெழுகு. இன்னொன்றில் பாதிதான் இருந்தது. இந்த மெழுகா இவ்வளவு பெரிய எஞ்சினைக் கட்டுப்படுத்துகிறது?" என்று கேட்கிறார்.

ஆமாம், அந்த மெழுகுதான். அந்தப் 'பாதி மெழுகு' விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். இந்தப் புதிருக்கு விடையே அதில்தான் இருக்கிறது.

டீசல் எரிந்து வரும் வெப்பத்தில் பாதிக்கும் குறைவான பங்குதான் எஞ்சினைச் சுழற்றப் பயன்படுகிறது. மீதி புகையோடும், எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரோடும் வெளியே போயாக வேண்டும். இது பள்ளியிலேயே படித்ததுதான். பலர் தவறாக நினைப்பது அடுத்த படியை: எஞ்சின் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று. அப்படி இல்லை. தண்ணீர் 50 டிகிரியிலேயே நின்றுவிட்டால் டீசல் முழுதாக எரியாது, ஆயில் கெட்டியாக இருந்து உராய்வு கூடும். டீசலில் இருக்கும் கந்தகம் எரிந்து வரும் வாயு, குளிர்ந்த சிலிண்டர் சுவரில் ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகப் படிந்து இரும்பை அரிக்கும். அதனால்தான் எஞ்சினைச் சுமார் 80 டிகிரியிலேயே பிடித்து வைக்கிறார்கள். சுமை கூடினாலும் குறைந்தாலும், மார்கழி என்றாலும் சித்திரை என்றாலும் அதே 80.

பிடித்து வைப்பது யார்? மூன்று வாய் உள்ள ஒரு வால்வு, அதுதான் தெர்மோஸ்டாட். எஞ்சினிலிருந்து வரும் சூடான தண்ணீர் ஒரு வாய் வழியாக உள்ளே வருகிறது. இரண்டாவது வாய் பைபாஸ்: கூலருக்குப் போகாமல் நேராக எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வழி. மூன்றாவது வாய் கூலருக்கு, அதாவது ரேடியேட்டருக்கு. எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது தண்ணீர் முழுக்க பைபாஸில் போகும். சூடாக ஆக, உள்ளே ஒரு உருளை மெதுவாக நகர்ந்து பைபாஸை மூடிக்கொண்டே கூலர் வழியைத் திறக்கும். நடுவில் நிற்கும்போது கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி. இதற்குக் கரண்ட் வேண்டாம், சென்சார் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். கரண்ட் போன நேரத்தில் ஓட வேண்டிய இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான காவலாளி கிடைக்காது.

சரி, அந்த உருளையைத் தள்ளுவது எது? எனக்கு இந்தக் கட்டுரையில் எழுத மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

வீட்டில் மெழுகுவத்தியை உருக்கி ஒரு கிண்ணத்தில் ஊற்றி ஆற விட்டுப் பாருங்கள். உறைந்ததும் நடுவில் ஒரு குழி விழுந்திருக்கும். உருகிய மெழுகில் ஒரு மெழுகுத் துண்டைப் போட்டால் அது மூழ்கும். தண்ணீரில் ஐஸ் மிதப்பதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் விதிவிலக்கு தண்ணீர்தான். மெழுகு உறையும்போது சுருங்குகிறது, உருகும்போது வீங்குகிறது. அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. கன அளவில் 10 முதல் 15 சதவீதம் வரை கூடும். இரும்பைப் பல நூறு டிகிரி சூடாக்கினாலும் இந்த அளவு விரிவடையாது.

ஏன் இவ்வளவு? பாரஃபின் மெழுகு என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலிகள். கேள்வி கேட்டவர் நூற்பாலைக்காரர் என்பதால் அவருடைய பொருளையே எடுத்துக்கொள்கிறேன். சீவி நேராக்கிய பஞ்சிழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருக்கும்போது எவ்வளவு இடம் பிடிக்கின்றன, அதே பஞ்சு உதிரியாகக் கிடக்கும்போது எவ்வளவு இடம் பிடிக்கிறது? திட மெழுகில் சங்கிலிகள் நேராக நீட்டிப் படுத்து நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன. உருகியதும் ஒவ்வொரு சங்கிலியும் வளைந்து, மடங்கி, துள்ளத் தொடங்குகிறது. பக்கத்துச் சங்கிலியோடு ஒட்டிப் படுக்க முடியாது. எல்லோருக்கும் கூடுதல் இடம் வேண்டியிருக்கிறது.

இந்த மெழுகை ஒரு சின்னப் பித்தளைக் குப்பிக்குள் நிரப்பி, வாயை ரப்பரால் அடைத்து, ரப்பருக்கு மேல் ஒரு எஃகுத் தண்டை நிறுத்தினால் எலிமென்ட் தயார். குப்பி சூடான தண்ணீரில் நிற்கிறது. மெழுகு உருகி வீங்குகிறது. பித்தளை விட்டுக்கொடுக்காது, ரப்பர் வழியாகத் தண்டைத் தள்ளுவதைத் தவிர மெழுகுக்கு வேறு வழி இல்லை. ஒரு சின்னக் கணக்கு: குப்பியில் 5 கன சென்டிமீட்டர் மெழுகு, 10 சதவீத வீக்கம் என்றால் அரை கன சென்டிமீட்டர். தண்டின் விட்டம் 8 மில்லிமீட்டர், அதாவது பரப்பு அரை சதுர சென்டிமீட்டர். தண்டு 1 சென்டிமீட்டர் நகரும்! விரல் நுனி அளவு மெழுகு ஒரு வால்வைத் திறக்க இது தாராளமாகப் போதும். உருகிய மெழுகை அழுத்திச் சுருக்குவது மிகவும் கடினம் என்பதால் அது தள்ளும் விசையும் அதிகம். ஆறும்போது மெழுகு தண்டைத் தானாக இழுத்துக்கொள்ளாது. எதிர்ப்பக்கம் இருக்கும் ஸ்பிரிங்தான் அதை உள்ளே அனுப்புகிறது.

எந்த வெப்பநிலையில் திறக்க வேண்டும் என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? சங்கிலியின் நீளத்தால். 20 கார்பன் உள்ள சங்கிலி சுமார் 37 டிகிரியில் உருகும். 30 கார்பன் என்றால் சுமார் 66 டிகிரி. 40 கார்பன் என்றால் 80-ஐக் கொஞ்சம் தாண்டும். தேவையான நீளங்களைக் கலந்து, தேவையான இடத்தில் உருக வைக்கலாம். மெழுகு வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் அதோடு செம்புத் தூளும் கலக்கிறார்கள், நடுவில் இருக்கும் மெழுகுக்கும் சீக்கிரம் சேதி போகும். இந்த வால்வில் திருகித் திருத்த ஒன்றும் இல்லாததற்கும் இதுவே காரணம். வெப்பநிலை மாற வேண்டுமென்றால் வேறு கலவை உள்ள எலிமென்டைத்தான் போட வேண்டும். அதன் உடலில் பொறித்திருக்கும் எண் அந்தக் கலவையின் முகவரி.

வெப்பத்தைக் கொண்டே வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் யோசனை பழையது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்னேலிஸ் டிரெபெல், ஆல்கஹால் விரிந்து பாதரசத்தைத் தள்ள, அது அடுப்பின் காற்று வழியை மூடும்படி ஒரு கருவி செய்தார். மெழுகை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர் செர்ஜியஸ் வெர்னே, 1930-களில், அமெரிக்காவில். அதற்கு முன் எளிதில் ஆவியாகும் திரவத்தை நெளிவுள்ள உலோகக் குப்பியில் அடைத்துப் பயன்படுத்தினார்கள். அதைச் சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தம் கூடினால் அது திறக்கும் வெப்பநிலையும் மாறிவிடும். மெழுகு அழுத்தத்தைக் கிட்டத்தட்டப் பொருட்படுத்தாது.

இப்போது மெக்கானிக் செய்ததைப் பார்ப்போம். எலிமென்ட் வெறும் அடைப்பு அல்ல, அதுதான் வழிகாட்டி. அதை எடுத்துவிட்டால் இரண்டு வழியும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். தண்ணீர் எதில் போகும்? எதிர்ப்பு குறைந்த வழியில். பைபாஸ் என்பது குட்டையான வெறும் குழாய். கூலர் என்பது நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள். அதனால் கணிசமான தண்ணீர் ஆறாமலேயே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். குளிர்விக்கக் கழற்றினார்கள், சூடானது. பைபாஸ் உள்ள கார், லாரி எஞ்சின்களிலும் கதை இதேதான். நம் ஊர் ஒர்க்ஷாப்களில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஒருவர் சொன்னதை அடுத்தவர் சோதிக்காமல் நம்புவதைத்தான் நான் மூடநம்பிக்கை என்கிறேன், அது கோயில் வாசலில் நடந்தாலும் சரி, ஒர்க்ஷாப்பில் நடந்தாலும் சரி.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. எல்லாவற்றிலும் முதன்மையானது வாய்களின் அடையாளம். வால்வின் உடலில் எழுத்துகள் வார்த்திருக்கும். பைபாஸையும் கூலரையும் மாற்றி இணைத்துவிட்டால் எஞ்சின் சூடாக ஆக, தண்ணீர் கூலரை விட்டு விலகிப் போகும். அது மேலும் சூடாக்கும், அது மேலும் விலக்கும். புது வால்வு போட்ட அன்றே எஞ்சின் கொதித்தால் முதலில் பார்க்க வேண்டியது இது. பக்கத்தில் வெல்டிங் வேலை இருந்தால் எலிமென்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். முடிந்ததும் குழாயைத் தண்ணீர் விட்டு அலசிய பிறகே உள்ளே போடுங்கள், ஒரு சின்ன வெல்டிங் துணுக்கு போதும், உருளை பாதியில் சிக்கிக்கொள்ளும். ஃபிளேஞ்சுகள், அதாவது குழாயையும் வால்வையும் போல்ட் போட்டு இணைக்கும் விளிம்புகள், நேராகச் சேராவிட்டால் போல்ட்டை முறுக்கி இழுத்துச் சேர்க்கக் கூடாது, உடல் கோணி உருளை இறுகும். காற்று தங்கும் மூலை இருந்தால் அதை வெளியேற்ற வழி வையுங்கள், குப்பி காற்றில் நின்றால் தண்ணீரின் சூடு அதற்குச் சரியாகத் தெரியாது. பைபாஸ் குழாயில் நடுவில் துளையுள்ள ஒரு தடுப்புத் தகடு போட்டு அதன் எதிர்ப்பைக் கூலரின் எதிர்ப்போடு சமப்படுத்துவது நல்லது, வால்வு எந்த நிலையில் இருந்தாலும் எஞ்சினுக்குப் போகும் மொத்தத் தண்ணீர் ஒரே அளவில் இருக்கும். ஆயில் குளிர்விக்கும் லைனில் இதே வகை வால்வைப் போடும்போது கசிவைத் தடுக்கும் ஓ-ரிங் வளையம் எந்த ரப்பர் என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீருக்கு நன்றாக உழைக்கும் இபிடிஎம் ரப்பர் ஆயிலில் ஊறி உப்பிவிடும்.

பராமரிப்பில் பெரிய எதிரி தண்ணீர்தான். கூலண்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவம், குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றி நிரப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு, சூடான இடத்தில்தான் அதிகம் படியும். குப்பியின் மேல் அது பூச்சாகப் படிந்தால் கம்பளி போர்த்தியது மாதிரி. தண்ணீர் சூடானது மெழுகுக்குத் தாமதமாகத் தெரியும், வால்வு தாமதமாகத் திறக்கும், அதற்குள் சூடு எல்லை தாண்டும். பிறகு தாமதமாக மூடும், சூடு கீழே விழும். மீட்டர் முள் நிற்காமல் மேலும் கீழும் ஆடினால் இந்தப் படிவையும், தேவைக்கு மிகப் பெரிய வால்வைப் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

எலிமென்ட் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு பாத்திரமும் ஒரு தெர்மாமீட்டரும் போதும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கழற்றி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் தண்ணீரில் கம்பியில் தொங்கவிடுங்கள். மெதுவாகச் சூடாக்கிக் கிளறிக்கொண்டே இருங்கள். பொறித்த எண்ணுக்கு அருகில் தண்டு அசையத் தொடங்க வேண்டும். முழுதாக நகர இன்னும் 10 டிகிரிக்கு மேல்கூடத் தேவைப்படலாம், ஏனென்றால் கலவை மெழுகு ஒரே புள்ளியில் உருகாது. அந்தச் சூட்டில் சில நிமிடம் வைத்து, தண்டு எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆறும்போது திரும்புகிறதா என்றும் பாருங்கள், திறந்ததைவிட ஓரிரு டிகிரி கீழேதான் மூடும், அது குறையல்ல.

ஆயுத பூஜைக்கு ஜெனரேட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதை நான் மனதார மதிக்கிறேன். இயந்திரங்கள் எல்லாம் நின்று ஓய்வெடுக்கும் அந்த நாட்களிலேயே இந்தச் சோதனையையும் செய்துவிடலாம். நம் ஐடிஐ, பாலிடெக்னிக் ஆய்வகங்களில் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஒவ்வொரு மாணவரும் ஒருமுறையாவது மெழுகு தண்டைத் தள்ளுவதைத் தன் கண்ணால் பார்த்துவிட்டு வேலைக்குப் போகும்படி அரசு பணம் ஒதுக்க வேண்டும். பெரிய ஆராய்ச்சிகளுக்கு நிதி கேட்கும் அதே குரலில் இதையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி அந்தப் பாதி மெழுகு. குப்பியின் ரப்பர் பல்லாயிரம் முறை நசுங்கி விரிந்து தளர்ந்திருக்கும். அந்த இடுக்கில் மெழுகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வெளியேறியிருக்கும். மிச்சம் இருந்தது முழுக்க உருகினாலும் காலியிடத்தை நிரப்பவே அது போதாது, தண்டை யார் தள்ளுவது? இந்த வால்வில் இரண்டு எலிமென்டும் தண்ணீரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டு வழிகாட்டுகின்றன, அதில் இந்த எலிமென்டின் பாதை நிரந்தரமாகப் பைபாஸிலேயே நின்றுவிட்டது. ஆக, ஆலையின் தண்ணீரில் ஏறக்குறைய பாதி, எவ்வளவு சூடானாலும் கூலரின் பக்கமே போகவில்லை. மெக்கானிக் வருவதற்கு முன்பே எஞ்சின் கொதித்தது இதனால்தான். நன்றாக இருந்த இன்னொரு எலிமென்டையும் அவர் எடுத்ததும் மிச்சமிருந்த கட்டுப்பாடும் போய்விட்டது. ஒரே எண் பொறித்த இரண்டு புது எலிமென்ட் வாங்குங்கள், ஓ-ரிங்கையும் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதியவைதானே என்று விடாமல், போடுவதற்கு முன் அவற்றையும் ஒருமுறை பாத்திரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள்.