வழக்கறிஞராகப் பதிவு செய்ய 750 ரூபாய்தான்: அதற்கு மேல் கேட்டால் என்ன செய்வது?

சட்டம் படித்து முடித்துவிட்டு ஜூனியராகச் சேர வரும் பிள்ளைகள், கொஞ்சம் பழகிய பிறகு தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், என்ரோல்மென்டுக்கு எவ்வளவு புரட்டி வைக்கணும்?" புரட்டுவது என்ற சொல்லைக் கேட்கும்போதே மனசு கனத்துவிடும். கல்லூரிக் கட்டணத்தையே கடன் வாங்கிக் கட்டிய வீடு அது. வீட்டில் முதன்முதலாகக் கறுப்பு கவுன் போடப்போகிற பிள்ளை. அதற்குச் சொல்ல வேண்டிய பதில் இன்று தெளிவாக இருக்கிறது. ஆனால் அது பலருக்கும் இன்னும் போய்ச் சேரவில்லை.

1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்தில் பிரிவு 24(1)(எஃப்) என்று ஒன்று இருக்கிறது. பதிவுக் கட்டணம் எவ்வளவு என்பதை அந்தச் சட்டமே தொகையாக எழுதி வைத்திருக்கிறது. வழக்கறிஞர்களைப் பதிவு செய்து தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்புதான் பார் கவுன்சில். மாநில பார் கவுன்சிலுக்கு 600 ரூபாய், இந்திய பார் கவுன்சிலுக்கு 150 ரூபாய், மொத்தம் 750. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் சாதிச் சான்றிதழைக் காட்டி மாநில கவுன்சிலுக்கு 100, இந்திய கவுன்சிலுக்கு 25, ஆக 125 ரூபாய் கட்டினால் போதும். 1993-இல் நாடாளுமன்றம் திருத்தி வைத்த பொதுக் கட்டணம் இது. அதற்கு முன்பு 250 ரூபாயாக இருந்தது.

அப்படியானால் 15,000, 20,000 என்று மாணவர்கள் கட்டிய பணமெல்லாம் எந்தக் கணக்கு? 600 ரூபாயை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் வேறு வேறு தலைப்புகளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். நூலக நிதி, அடையாள அட்டை, சான்றிதழ் சரிபார்ப்பு, நிர்வாகச் செலவு, பயிற்சி, சேமநல நிதி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. ஒடிசாவில் இது 42,100 ரூபாய் வரை போனது. கேரளத்தில் 20,050. ஒரே சட்டம், ஒரே தொழில், மாநிலத்துக்கு மாநிலம் வேறு விலை. பட்டியல் சாதி மாணவருக்குச் சட்டம் கொடுத்த 125 ரூபாய்ச் சலுகை இந்தப் பட்டியலுக்குள் காணாமலே போயிற்று. எனக்கு இதில் மிகவும் வலித்தது அதுதான்.

2023 பிப்ரவரி 10 அன்று, தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வு செல்லும் என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு, பதிவுக் கட்டணம் இளைஞர்களுக்கு வாசலிலேயே சுமையாகிவிடக் கூடாது, எல்லா மாநிலங்களிலும் ஒரே சீராக இருக்குமாறு இந்திய பார் கவுன்சில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவைத்தது. நடைமுறையில் பெரிதாக எதுவும் மாறவில்லை. பிறகு வந்ததுதான் கௌரவ் குமார் வழக்கு. 2024 ஜூலை 30 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பார்திவாலா அமர்வு தீர்ப்புச் சொன்னது.

சட்டம் எழுதிய தொகையையும் முத்திரைத் தீர்வையையும் தவிர, பதிவு செய்வதற்கு நிபந்தனையாக ஒரு ரூபாய் கூடக் கேட்கக் கூடாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். என்ன பெயர் வைத்து வாங்கினாலும், பதிவின்போது வாங்கினால் அது பதிவுக் கட்டணம்தான் என்று நீதிமன்றம் பார்த்தது. பார் கவுன்சில் சட்டத்தால் உருவான அமைப்பு. சட்டம் கொடுக்காத வசூல் அதிகாரத்தை அது தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அப்படி எடுத்துக்கொள்வது சமத்துவ உரிமை தரும் அரசமைப்பின் 14-ஆம் பிரிவையும், விரும்பிய தொழிலைச் செய்யும் உரிமையான 19(1)(ஜி) பிரிவையும் மீறுகிறது என்றது. வசதியில்லாத, ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வருகிறவர்களின் கண்ணியத்தையே இது குறைக்கிறது என்றும் எழுதியது. தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் அந்தப் பகுதியை ஒரு முறையாவது படிக்க வேண்டும் என்பேன்.

ஒரு வருத்தமான செய்தியும் உண்டு. தீர்ப்பு அந்த நாளிலிருந்துதான் நடைமுறைக்கு வரும். அதற்கு முன்பு கூடுதலாக வாங்கிய பணத்தைக் கவுன்சில்கள் திருப்பித் தர வேண்டியதில்லை. ஜூலை 30-க்குப் பிறகு வாங்கியிருந்தால் கவுன்சில்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

சரி, தீர்ப்பு வந்ததும் எல்லாம் நின்றதா? 'விருப்பக் கட்டணம்' என்று ஒரு புதுப் பெயர் முளைத்தது. கர்நாடக பார் கவுன்சில் தொடர்பான நீதிமன்ற அவமதிப்பு மனுவில், 2025 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் அதற்கும் முற்றுப்புள்ளி வைத்தது. விருப்பக் கட்டணம் என்று எதுவும் கிடையாது, எந்த மாநில கவுன்சிலும் இந்திய கவுன்சிலும் அந்தப் பெயரில் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. பதிவுக்காகக் காத்து நிற்கும் பிள்ளை, கவுன்ட்டரில் நீட்டப்படும் படிவத்தைப் பார்த்து 'எனக்கு விருப்பமில்லை' என்று சொல்லிவிடுமா என்ன?

750 ரூபாயோடு எல்லாச் செலவும் முடிந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். முத்திரைத் தீர்வை தனி. அது அரசுக்குப் போகிறது, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பார் தேர்வுக்கான கட்டணமும் தனி. பதிவு முதலில் தற்காலிகமாகத்தான் கிடைக்கும், இரண்டு ஆண்டுக்குள் அந்தத் தேர்வில் தேற வேண்டும். நீங்கள் சேரப்போகிற நீதிமன்றத்தின் வழக்கறிஞர் சங்கத்துக்கும் பார் கவுன்சிலுக்கும் சம்பந்தமில்லை. சங்கச் சந்தா இந்தத் தீர்ப்புக்குள் வராது. பதிவு முடிந்த பிறகு, வழக்கறிஞர்களுக்குச் செய்து தரும் சேவைகளுக்குச் சட்டத்துக்கு உட்பட்டு கவுன்சில்கள் கட்டணம் வாங்கலாம். பிற்காலத்தில் உங்கள் பெயரை வேறு மாநிலப் பட்டியலுக்கு மாற்ற நேர்ந்தால், கட்டணம் இல்லாமலே மாற்ற வேண்டும் என்று பிரிவு 18 சொல்வதையும் நினைவில் வைத்திருங்கள்.

கவுன்சில்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 1993-இல் வைத்த 600 ரூபாயில் இன்று ஓர் அலுவலகத்தை நடத்துவது கஷ்டம்தான். ஊழியர் சம்பளம், ஒழுங்கு நடவடிக்கைக் குழுக்கள், நலிந்த வழக்கறிஞர்களுக்கு உதவி என்று செலவு இருக்கிறது. ஆனால் அதற்கான வழி நாடாளுமன்றத்தில் சட்டத்தைத் திருத்துவது. இன்னும் முதல் வக்காலத்தில்கூடக் கையெழுத்துப் போடாத பிள்ளையிடம் அதை வசூலிப்பது நியாயமில்லை. தொழிலில் நின்றுவிட்ட எங்களைப் போன்றவர்கள் கூடுதலாகக் கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும்.

தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் ஒரே பார் கவுன்சில், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. இங்கே மட்டுமல்ல, எந்த மாநிலத்தில் விண்ணப்பித்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான். கட்டும் முன்பு, எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று படிவத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கூடுதலாகக் கேட்டால் சண்டை வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். 2024 ஜூலை 30 தீர்ப்பைக் குறிப்பிட்டுச் செயலாளருக்கு ஒரு கடிதம், அதன் நகல் இந்திய பார் கவுன்சிலுக்கு. வேறு வழியில்லாமல் கட்டிவிட்டால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள், ஆட்சேபத்தோடு கட்டியதாக எழுதியும் கொடுங்கள். பதில் வராவிட்டால் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு போடலாம். தனியாகப் போடத் தயக்கமாக இருந்தால் உங்கள் சீனியரிடம் சொல்லுங்கள். அந்த மனுவைக் கட்டணம் வாங்காமல் நடத்திக்கொடுக்க எல்லா ஊர் நீதிமன்றத்திலும் ஆள் கிடைப்பார்கள்.